எந்தக் கோடு இறுக்குகிறது?

கோடை பிறந்தால் சென்னை முகப்பேர் அடுக்குமாடி வீடுகளில் ஓர் எண் அடிக்கடி காதில் விழும்: 500. ரீடிங் எடுக்க வருபவரிடம் "ஐந்நூறைத் தாண்டிடுச்சாங்க?" என்று கேட்காத வீடு குறைவு. 480 என்றால் நிம்மதி, 510 என்றால் ஏசியின் மீது கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். மீட்டர் 501 காட்டினால் 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும். அந்தக் கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. இந்தக் கணக்குக்கு இது போதும்.

இந்த வீட்டின் கேள்வியைக் கணிதமாக எழுதினால் அதில் சமக்குறி வராது. "500 யூனிட் செலவழி" என்று யாரும் சொல்லவில்லை. "500-க்கு மேல் போகாதே" என்பதுதான் நிபந்தனை. மேல் போகாதே, கீழ் இறங்காதே, இதற்குள் முடி: அன்றாடம் நாம் சந்திக்கும் கட்டளைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பள்ளியில் இவற்றுக்கு அசமன்பாடு என்று பெயர்.

ஒரு கோடு, இரண்டு பக்கம்

ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, டிவி எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்தில் 200 யூனிட் எடுக்கும் வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். மீதி 300. அதற்குப் போட்டி போடுபவை இரண்டு: மணிக்கு 1.2 யூனிட் எடுக்கும் ஏசி, மணிக்கு 2 யூனிட் எடுக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு. 60 நாளுக்கு 300 என்றால் நாளுக்கு 5 யூனிட். எனவே

1.2 × ஏசி மணி + 2 × அடுப்பு மணி ≤ 5

வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் ஏசி ஓடும் மணியையும் செங்குத்துக் கோட்டில் அடுப்பு எரியும் மணியையும் குறியுங்கள். அடுப்பே வேண்டாம் என்றால் ஏசி 4 மணி 10 நிமிடம் ஓடலாம். ஏசியே வேண்டாம் என்றால் அடுப்பு இரண்டரை மணி. இந்த இரு புள்ளிகளையும் அடிக்கோல் வைத்து இணைத்தால் எல்லைக்கோடு கிடைக்கும்.

கோடு தாளை இரண்டாகப் பிரித்துவிட்டது. நமக்கு எந்தப் பக்கம்? இதற்குச் சுலபமான வழி ஆதிப்புள்ளியைச் சோதிப்பது. ஏசி பூஜ்யம், அடுப்பு பூஜ்யம் என்றால் செலவு பூஜ்யம். அது 5-ஐவிடக் குறைவு, நிபந்தனை பொருந்துகிறது. ஆக ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தான் நம் பக்கம். மணிக்கணக்கு மைனஸில் போக முடியாது என்பதால் இரு அச்சுகளும் வேலிகளாகின்றன. மிஞ்சுவது ஒரு முக்கோணம். 500-ஐத் தொடலாம் என்பதால் கோடும் நமக்குச் சொந்தம். அதைத் தொடர்கோடாக வரைகிறோம். "500-க்குக் குறைவாகவே இருக்க வேண்டும்" என்று விதி இருந்திருந்தால் புள்ளிக்கோடு போட்டிருப்போம்.

இந்த முக்கோணம் சொல்வதை ஒரு விடையால் சொல்ல முடியாது. அதனுள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அந்தக் குடும்பம் கவலையின்றி வாழக்கூடிய ஒரு நாள். அடுப்பு அரை மணி எரிந்தால் ஏசிக்கு 3 மணி 20 நிமிடம் மிஞ்சுகிறது. ஒரு மணி எரிந்தால் இரண்டரை மணி. எல்லைக்கோட்டின் சரிவைப் படித்தால் பேரத்தின் விகிதமும் தெரிந்துவிடும்: அடுப்பு ஒரு மணி கூடினால் ஏசி 1 மணி 40 நிமிடம் குறைய வேண்டும்.

எஸ்டேட் பட்டறையில்

ஒரே கோடு என்றால் சிக்கல் இல்லை. பல கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் விஷயம் சூடு பிடிக்கும். அதைப் பார்க்க முகப்பேரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடக்கே ஒட்டிக்கொண்டிருப்பது 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஊரார் வாயில் அது 'எஸ்டேட்'. பெரிய வாகன, உதிரிபாகக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே தெருத்தெருவாக உண்டு.

அப்படி ஒரு பட்டறையைக் கற்பனை செய்வோம். ஒரு சிஎன்சி லேத், ஒரு கிரைண்டிங் மிஷின். டீ நேரமும் செட்டிங் நேரமும் கழித்து ஷிஃப்டுக்கு ஒவ்வொரு மிஷினும் 420 நிமிடம் ஓடும். செய்வது இரண்டு பொருள்: புஷ், பின். ஒரு புஷ்ஷுக்கு லேத்தில் 3 நிமிடம், கிரைண்டிங்கில் 1 நிமிடம். ஒரு பின்னுக்கு லேத்தில் 2, கிரைண்டிங்கில் 3. எல்லாச் செலவும் போக புஷ்ஷில் 10 ரூபாய் நிற்கும், பின்னில் 15. இதோடு ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு நாளுக்கு 40 புஷ்ஷாவது போயாக வேண்டும்.

லேத்: 3 புஷ் + 2 பின் ≤ 420
கிரைண்டிங்: புஷ் + 3 பின் ≤ 420
ஆர்டர்: புஷ் ≥ 40

கிடைக்கோட்டில் புஷ், செங்குத்தில் பின். லேத் கோடு 140 புஷ்ஷையும் 210 பின்னையும் இணைக்கும். கிரைண்டிங் கோடு 420 புஷ்ஷையும் 140 பின்னையும் இணைக்கும். ஆர்டர் கோடு 40 புஷ்ஷில் நெட்டாக நிற்கும். மூன்றுக்கும் பொதுவான இடம்தான் ஏற்புடைய பகுதி. பின் எண்ணிக்கையும் மைனஸில் போக முடியாது என்பதால், இங்கே அது நான்கு மூலைகள் கொண்ட ஒரு துண்டு. அதற்கு வெளியே இருப்பவை அந்தப் பட்டறையால் செய்ய முடியாத வேலைகள். ஒப்புக்கொண்டால் டெலிவரி தவறும்.

உள்ளே இருப்பவற்றில் எது அதிக லாபம்? 10 புஷ் + 15 பின் = 1,500 என்று ஒரு கோடு போடுங்கள்; அதன் மேலுள்ள எந்தப் புள்ளியும் 1,500 ரூபாய் தரும். 1,800-க்கும் 2,100-க்கும் கோடு போட்டால் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக வெளிப்பக்கம் நகரும். அடிக்கோலைச் சாய்வு மாறாமல் தள்ளிக்கொண்டே போனால் அது பகுதியை விட்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எனவே உள்ளே இருக்கும் எண்ணற்ற புள்ளிகளை விட்டுவிட்டு மூலைகளை மட்டும் பார்த்தால் போதும். 40 புஷ் மட்டும்: 400 ரூபாய். 140 புஷ் மட்டும்: 1,400. 40 புஷ்ஷும் 126 பின்னும் சொச்சமும்: 2,300. லேத் கோடும் கிரைண்டிங் கோடும் வெட்டும் மூலையில் 60 புஷ், 120 பின்: 2,400. அதுதான் உச்சம்.

பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில் நேரியல் திட்டமிடல் கணக்கைப் போட்டவர்கள் இந்த இடத்தில் விடைக்கு அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். பட்டறை முதலாளிக்கோ கேள்வியே இனிமேல்தான். "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினா என்ன கிடைக்கும்? எந்த மிஷின்ல ஓட்டணும்?"

இரண்டு மிஷினும் ஷிஃப்ட் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகின்றன. எனவே கண்ணால் பார்த்து எது முட்டுக்கட்டை என்று சொல்ல முடியாது. வரைபடம் சொல்லும். லேத்துக்கு மட்டும் 70 நிமிடம் ஓவர்டைம் கொடுங்கள். லேத் கோடு வெளியே நகரும், மூலையும் நகரும்: 90 புஷ், 110 பின், லாபம் 2,550. கூடுதல் 150 ரூபாய். அதே 70 நிமிடத்தைக் கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். மூலை வேறு பக்கம் போகிறது: 40 புஷ், 150 பின், லாபம் 2,650. கூடுதல் 250. இரட்டைச் சம்பளமும் கரண்ட்டும் சேர்த்து அந்த 70 நிமிடத்துக்கு 200 ரூபாய் ஆகிறது என்றால், கிரைண்டிங் ஓவர்டைம் 50 ரூபாய் லாபம். லேத் ஓவர்டைம் 50 ரூபாய் நஷ்டம்.

நிமிடக் கணக்கில் பார்த்தால் லேத்தின் ஒரு நிமிடம் சுமார் 2.14 ரூபாய் பெறும், கிரைண்டிங்கின் ஒரு நிமிடம் சுமார் 3.57. இந்த இரண்டு விலைகளையும் எந்தக் கடையும் சொல்லவில்லை, எந்த பில்லிலும் இல்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் விதத்திலிருந்து பிறந்தவை. இன்னொன்றையும் பாருங்கள். லேத்தின் 420 நிமிடம் இந்த விலையில் 900 ரூபாய், கிரைண்டிங்கின் 420 நிமிடம் 1,500. கூட்டினால் 2,400. அன்றைய லாபம் முழுவதும் இரண்டு மிஷின்களின் நிமிடங்களுக்கிடையே பைசா மிச்சமின்றிப் பங்காகிவிட்டது. ஆர்டர் நிபந்தனைக்குப் பங்கு ஏதும் இல்லை. 60 புஷ் செய்யும்போது '40-ஆவது வேண்டும்' என்பது இறுக்கவில்லை.

ஆனால் அது இல்லாமல் போய்விடவும் இல்லை. கிரைண்டிங் ஓவர்டைமை 70 நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பாருங்கள். மூலை ஏற்கெனவே 40 புஷ் கோட்டில் வந்து முட்டிவிட்டது. அதற்குமேல் பின் செய்ய லேத்தில் நேரமில்லை, புஷ்ஷைக் குறைக்க ஆர்டர் விடாது. 71-ஆவது நிமிடத்தின் விலை பூஜ்யம். அதனால் இரண்டாவது கிரைண்டிங் மிஷினே வாங்கிப் போட்டாலும் நாள் லாபம் 2,650-ஐத் தாண்டாது. மாறாக இரண்டாவது லேத் வாங்கினால் 240 புஷ், 60 பின் என்று மூலை நகர்ந்து லாபம் 3,300 ஆகும். அதற்கும் ஒரு நிபந்தனை: 240 புஷ்ஷை வாங்க ஆள் வேண்டும். கம்பெனி 100-க்கு மேல் எடுக்காது என்றால் இரண்டாவது லேத்தால் கிடைக்கும் கூடுதல் வெறும் 200 ரூபாய்தான்.

ஒரு மணி நேரக் கேள்விக்குக் கிரைண்டிங் என்று பதில் சொன்ன அதே படம், ஒரு முழு மிஷின் பற்றிய கேள்விக்கு லேத் என்கிறது. எந்தக் கோடு இறுக்குகிறது என்பதோடு, எவ்வளவு தூரம் வரை இறுக்குகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

லெனின்கிராடு பிளைவுட்டும் அமெரிக்கச் சாப்பாடும்

இந்த மாதிரி விலைகளை முதன்முதலில் முறையாகக் கண்டவர் ஒரு பட்டறைக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். லெனின்கிராடின் பிளைவுட் நிறுவனம் ஒன்று கணிதப் பேராசிரியர் லியோனிட் கன்டரோவிச்சிடம் வந்தது. பலவகை மரம், பலவகை உரிக்கும் இயந்திரம். எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் எவ்வளவு நேரம் ஓட்டினால் உற்பத்தி உச்சமாகும் என்பது கேள்வி. 1939-இல் அவர் அதை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நிபந்தனையோடும் ஓர் எண்ணைச் சேர்த்து, அதைத் 'தீர்க்கும் பெருக்கி' என்றார். நம் 2.14-உம் 3.57-உம் அந்த வகைதான். ஆனால் பொருளுக்கு அதில் செலவான உழைப்பைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்ற கொள்கை கோலோச்சிய சோவியத் நாட்டில், பற்றாக்குறையிலிருந்து பிறக்கும் ஒரு விலை சந்தேகத்துக்குரிய சரக்கு. அந்த வேலை வெளியே தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1975-இல் பொருளாதார நோபல் பரிசை ட்யாலிங் கூப்மன்ஸுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் விமானப்படையின் திட்டமிடலுக்காக 1947-இல் சிம்ப்ளக்ஸ் முறையை உருவாக்கினார். இரண்டு பொருள் இருந்தால் தாளில் வரையலாம். இருபது பொருள் என்றால் இருபது அச்சு வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூலைகள் அங்கும் உண்டு. ஒரு மூலையில் தொடங்கி, லாபம் கூடும் திசையில் அடுத்த மூலைக்கு நகர்ந்து, இனிக் கூடாது என்ற இடத்தில் நிற்பதுதான் சிம்ப்ளக்ஸ். 1984-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த இந்தியரான நரேந்திர கர்மார்க்கர், விளிம்பு வழியே போகாமல் பகுதியின் உட்புறம் வழியாகவே விடையை நெருங்கும் முறையைத் தந்தார்.

சிம்ப்ளக்ஸ் முறைக்கு வைத்த முதல் பெரிய சோதனை சாப்பாட்டுக் கணக்கு. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர் 77 உணவுப் பொருள்களையும் 9 சத்துகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்து குறையாமல் ஆண்டுக்கு மிகக் குறைந்த செலவு எவ்வளவு என்று 1945-இல் தோராயமாகக் கணக்கிட்டார்: 1939 விலையில் 39.93 டாலர். 1947-இல் ஒன்பது பேர் மேசைக் கணிப்பான்களோடு உட்கார்ந்து, மொத்தம் 120 ஆள்நாள் உழைத்துச் சரியான விடையைக் கண்டார்கள்: 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் வெறும் 24 சென்ட்தான் பிசகியிருந்தது.

அவருடைய பட்டியலில் இருந்தவை கோதுமை மாவு, சுண்டிய பால், முட்டைகோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ். சத்து உண்டு, செலவு குறைவு. ஆனால் வருடம் முழுக்க இதையே யார் தின்பது? கணிதத்தின் மீது பழியில்லை. "ஒரே பொருள் வாரத்தில் இத்தனை முறைக்கு மேல் வேண்டாம்" என்ற அசமன்பாட்டை யாரும் எழுதவில்லை. நாம் எழுதாத நிபந்தனையை வரைபடம் தானாக ஊகித்துக்கொள்ளாது.

பகுதி சுருங்கிக்கொண்டே போனால்

இதுவரை பார்த்த கோடுகள் அசையாமல் நின்றன. நேரம் போகப்போக நகரும் கோடுகளும் உண்டு. பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி அதற்கு நல்ல பாடம். அதன் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழை நாள் செய்தியில் வரும் 'விநாடிக்கு ஆயிரம் கன அடி' ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும்.

எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஏரியில் 3,300 இருக்கிறது, இடம் 345. அடுத்த 24 மணி நேரத்துக்கு விநாடிக்கு 8,000 கன அடி வரத்து. வரப்போவது 691. எனவே குறைந்தது 346 மில்லியன் கன அடியாவது வெளியேற வேண்டும். உடனே மதகைத் திறந்தால் விநாடிக்குச் சுமார் 4,000 கன அடி போதும். எட்டு மணி நேரம் காத்திருந்தால் 6,000. பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தால் 8,000. ஒரே மழை, ஒரே ஏரி; கீழ் எல்லை மட்டும் மணிக்கு மணி ஏறுகிறது.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. ஏரி நீரை வாங்கிக்கொள்ளும் அடையாறு, கரையைத் தாண்டாமல் கொண்டுபோகக் கூடிய அளவு. அன்றைய உள்ளூர் மழையில் ஏரி நீருக்கு ஆற்றில் 5,000 கன அடிக்குத்தான் இடம் இருக்கிறது என்று கொள்வோம். மதகிலிருந்து வெளியேறும் நீர் 5,000-க்கு மிகாமலும், ஏரியைக் காக்கும் அளவுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். முதல் மணியில் இந்த இரு கோடுகளுக்கும் நடுவே வசதியான இடம் இருக்கிறது. ஏறத்தாழ நாலே முக்கால் மணி நேரத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. அதற்குப் பிறகு ஏற்புடைய பகுதியே இல்லை. எந்த முடிவு எடுத்தாலும் ஏதோ ஒரு நிபந்தனை உடைந்தே தீரும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வெளியேற்றம் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனதும், அடையாற்றங்கரை மூழ்கியதும் சென்னை மறக்காத செய்தி. மேலே உள்ளவை அன்றைய எண்கள் அல்ல. மழை முன்னறிவிப்பு, குடிநீர்த் தேவை, மற்ற ஏரிகளின் உபரி என்று உண்மைக் கணக்கில் இன்னும் பல கோடுகள் உண்டு. கோடைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதே ஏரியைக் காலி செய்ய விடாத ஒரு அசமன்பாடு. ஆனாலும் இந்தச் சிறிய கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பகுதி சுருங்கிக்கொண்டிருக்கும்போது காத்திருப்பதும் ஒரு முடிவு, அதற்கும் விலை உண்டு.

கோடு வளையும் இடங்கள்

நேர்கோடு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. புஷ்ஷிலிருந்து பின்னுக்கு மாற ஒவ்வொரு முறையும் அரை மணி செட்டிங் ஆனால், இரண்டையும் கலந்து செய்வதற்கே தனிச் செலவு வந்துவிடும். அது நேர்கோட்டில் அடங்காது. கிரைண்டிங் ஓவர்டைமை 60 நிமிடமாகக் கொடுத்திருந்தால் மூலை 42 புஷ்ஷிலும் சொச்சத்திலும் போய் நின்றிருக்கும். முக்கால் புஷ்ஷை எந்தக் கம்பெனியும் வாங்காது. அப்போது முழு எண்களில் மட்டும் தேட வேண்டும், அது இன்னும் கடினமான வேலை. மின்கட்டணமும் 500-இல் சரிவாக ஏறாமல் படியாகத் தாவுகிறது. அதனால்தான் கட்டணத்தைக் கோடாக வரையாமல், யூனிட்டை 500-க்குள் நிறுத்தும் நிபந்தனையாக எழுதினோம்.

இவ்வளவு குறை இருந்தும் இந்த முறை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதற்குக் காரணம், அது தரும் விடையைவிட அது கேட்க வைக்கும் கேள்வி. பணமோ நேரமோ பற்றாதபோது எல்லா வரம்பும் ஒரே மாதிரி நெருக்குவதாகத் தோன்றும். உண்மையில் ஒரு சமயத்தில் இறுக்குபவை சிலதான். மற்றவை சும்மா நிற்கும். சும்மா நிற்கும் கோட்டைத் தள்ளப் பணம் செலவழித்தால் மூலை அசையாது. எனவே வீட்டிலோ பட்டறையிலோ ஒரு வரம்பைத் தளர்த்தச் செலவு செய்யும் முன், ஒரு தாளில் இரண்டு அச்சு போட்டு, தெரிந்த நிபந்தனைகளை எல்லாம் கோடாக இழுத்துப் பாருங்கள். மூலை எந்த இரண்டு கோட்டில் நிற்கிறது, ஒன்றைத் தள்ளினால் அடுத்து எதில் போய் முட்டும் என்று தெரிந்துவிட்டால், எதற்குச் செலவழிக்கலாம் என்பதோடு எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.